ரத்தத்தில் மிதக்கும் நூல் பிசிறு

மேலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 51 வயதில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிரஷர் கொஞ்சம் இருந்தது, சுகர் கிடையாது. அதற்கு முன்பே அத்தைக்கு 48ல் இதே கதை. கடைசி நான்கைந்து வருடம் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க அய்யாவும் வாதத்துல கிடந்துதான்யா போனாரு" என்கிறார் அப்பத்தா. இப்போது 33 வயது மகன், அப்பாவின் ஸ்கேன் படங்களை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு மதுரை கோரிப்பாளையத்தில் பஸ் இறங்குகிறான். டாக்டரிடம் கேட்க அவன் மனதில் இருப்பது ஒன்றுதான்: "சார், எனக்கும் வருமா? ரத்தத்தை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிருமா?"

அவன் ஒரு கேள்வி என்று நினைப்பது உண்மையில் இரண்டு. "எனக்கும் இருக்கிறதா" என்பதற்கு ஏற்கெனவே ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. "எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது" என்பதற்கு வேறொரு பரிசோதனை உருவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஊசி குத்துவது அதே முழங்கை மடிப்பில்தான் என்பதால் ஒன்றை மற்றதாக நினைத்துவிடுவது சுலபம். அப்படி நினைத்தால் காசும் போகும், தூக்கமும் போகும்.

முதலில், இது என்ன நோய்?

மேலூர்க்காரர்களுக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வரும், கிளைக்கால்வாயிலும் வரும், கடைசி வயலுக்கு மட்டும் எட்டாது. மூளைக்கும் கடைமடை உண்டு. கழுத்து வழியாக மேலேறும் பெரிய ரத்தக்குழாய்கள் பிரிந்து பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த குழாய்களாக மூளையின் ஆழத்துக்குள் இறங்குகின்றன. அந்தச் சின்னக் குழாய்களின் சுவர் கெட்டுப்போவதுதான் சிறுகுழாய் நோய். பெரிய குழாயில் அடைப்பே இருக்காது. கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) எடுத்தால் "எல்லாம் நார்மல்" என்றே வரும். உள்ளே வயல் காய்ந்துகொண்டிருக்கும்.

நம் ஊரில் பெரும்பாலோருக்கு இது வயதாலும் பிரஷராலும் சுகராலும் வருகிறது. ஒரு சில குடும்பங்களில் மட்டும் பரம்பரையாக இறங்குகிறது. அப்படி இறங்குவதில் உலகம் முழுக்க அதிகம் காணப்படுவது 'கேடாசில்'. நீளமான ஒரு மருத்துவப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து 1993ல் வைத்த பெயர் இது. 1996ல் பாரிஸ் மருத்துவர்கள் இதற்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடித்தார்கள்: 19வது குரோமோசோமில் உள்ள 'நாட்ச்3'. அந்தப் பணிக்காக பூசே, ஷாப்ரியா, ஜூதெல், டூர்னியே-லாசெர்வ் என்ற நால்வருக்கும் 2019ல் டென்மார்க்கின் மூளைப் பரிசு கிடைத்தது.

உடம்பில் எப்படித் தெரியும்?

சிலருக்கு முப்பதை ஒட்டி ஒற்றைத் தலைவலி வரும். தலை வலிக்கும் முன் கண்ணெதிரே மின்னல் கோடுபோல வெளிச்சம் நெளியும். ஆசியர்களிடம் இந்தத் தலைவலி குறைவு, அதனால் "தலைவலி இல்லையே" என்று விட்டுவிட முடியாது. நாற்பதிலும் ஐம்பதிலும் சின்னச் சின்னப் பக்கவாதங்கள். நடை தளரும், யோசனை மெதுவாகும், பிறகு மறதி.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய்க்காரர்களில் பலர் எதிலும் பிடிப்பில்லாமல் ஆகிவிடுவார்கள். கடையைத் திறக்க மாட்டார், விசேஷத்துக்கு வர மாட்டார், கேட்டால் "ம்" என்பார். வீட்டில் சோம்பேறி என்பார்கள், ஊரில் குடிகாரன் என்பார்கள். ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும், அந்த மனிதர் வேண்டுமென்று அப்படி இருக்கவில்லை என்று.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. வயதுக்கு மீறிய வெண்திட்டுகள் இருக்கும். அதிலும் பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியின் முன்நுனியில் அந்தத் திட்டு இருந்தால் நரம்பியல் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பா அம்மா வழியில யாருக்காவது வாதம் உண்டா?" என்று கேட்பார்.

குலதெய்வக் குத்தமா? சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததாலா?

இரண்டும் காரணமல்ல. நாட்ச்3 ஜீன், குழாய்ச் சுவரின் தசையில் இருக்க வேண்டிய ஒரு புரதத்துக்கான செய்முறை. அந்தப் புரதத்தில் மணிகள்போல 34 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் ஆறு கொக்கிகள், இரண்டிரண்டாக மாட்டிக்கொள்ளும். ஜீனில் ஓரெழுத்து பிசகினால் கொக்கி ஐந்தாகவோ ஏழாகவோ ஆகிவிடும். ஜோடி இல்லாத ஒற்றைக் கொக்கி கண்டதையும் பிடித்து இழுக்கும், அழுக்கு குழாய்ச் சுவரில் சேரும், சுவர் தடித்து விறைக்கும்.

அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் இந்தப் பிழை இருந்தாலே போதும். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. அசலூரில் பெண் எடுத்தாலும் அதே சரிபாதிதான்.

ஆனால் சொந்தத்தில் கட்டுவதற்குத் தொடர்புள்ள இன்னொரு நோய் இருக்கிறது, அதன் பெயர் 'கேராசில்'. இதில் 'எச்.டி.ஆர்.ஏ.1' என்ற ஜீன் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் பழுதாக வந்து சேர வேண்டும். ஜப்பான் மருத்துவர்கள் 2009ல் இந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள். இளவயதிலேயே முடி கொட்டும், இடுப்பு வலி வரும், இருபது முப்பது வயதிலேயே மூளை பாதிக்கப்படும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இந்தியக் குடும்பங்களில் இந்த ஜீனின் மூன்று புதிய பிழைகளைக் கண்டு 2017ல் எழுதினார்கள். தாய்மாமன், அத்தைமகன் முறையில் கட்டும்போது ஒரே தாத்தாவின் பழுதான ஜீன் இரண்டு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் இன்னும் சொந்தத்தில்தான் நடக்கிறது. அதனால் உங்கள் குடும்பக் கதையை டாக்டரிடம் சொல்லும்போது யார் யாரைக் கட்டினார்கள் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

ஜீன் பரிசோதனை எதைச் சொல்லும்?

பிழை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஜீனைப் படிப்பார்கள். ஒருமுறை பார்த்தால் போதும், ஆயுசுக்கும் மாறாது. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு, உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எடுத்த ரத்தத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஆதி மனிதர்களின் அடையாளத்தைக் கண்டது நினைவிருக்கலாம். பல்லாயிரம் ஆண்டு அழியாமல் வந்த எழுத்து அது. ஜீனின் பலமும் பலவீனமும் அதுதான். பிறந்தபோது எழுதியிருந்ததைச் சொல்லும், இன்றைய நிலவரத்தைச் சொல்லாது.

நடைமுறையில் ஒரு முக்கியமான விஷயம்: பரிசோதனையை மகனிடம் தொடங்கக் கூடாது, நோய் வந்த அப்பாவிடம் தொடங்க வேண்டும். அப்பாவிடம் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று தெரிந்த பிறகுதான் மகனிடம் அதே இடத்தைத் தேட முடியும். அதைச் செய்யாமல் மகனுக்கு மட்டும் எடுத்து "இல்லை" என்று வந்தால், அந்த "இல்லை"யை நம்பி எதுவும் செய்ய முடியாது.

இருக்கிறது என்று வந்தால்? அதுவும் தீர்ப்பு கிடையாது. 2016ல் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள் சுமார் 60,000 பேரின் ஜீன் தொகுப்பை அலசினார்கள். இந்த வகைப் பிழை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகம் பேரிடம் இருந்தது. தெற்காசியர்களில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவரிடம். அப்படியானால் மதுரையில் தெருவுக்கு ஒருவர் நாற்பதில் வாதத்தில் விழ வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. காரணம், 34 கண்ணிகளில் முதல் ஆறில் பிழை இருந்தால்தான் நோய் சீக்கிரம் வருகிறது. பின்னால் உள்ள கண்ணிகளில் இருந்தால் பக்கவாதம் சராசரியாக 12 ஆண்டுகள் தள்ளிப்போகிறது. சிலர் எழுபதைத் தொட்டும் திடமாக நடமாடுகிறார்கள். ஒரே வீட்டில், ஒரே பிழையோடு, அண்ணனுக்கு 45ல் வந்து தம்பிக்கு 60ல் வருவதும் உண்டு.

யார் வேகமாகப் போகிறார், யார் மெதுவாகப் போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது ரத்தப் பரிசோதனை.

அதில் எதை அளக்கிறார்கள்?

செல்லூரில் தறி ஓடும் வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? தறிக்குக் கீழே தரையில் நூல் பிசிறு பறந்து கிடக்கும். நெய்வதைப் பார்க்காமலேயே, கூட்டி அள்ளிய பிசிறைப் பார்த்து இன்றைக்கு நூல் எவ்வளவு அறுந்தது என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுவார்.

மூளையின் நரம்பு ஒவ்வொன்றுக்குள்ளும் முறுக்கு நூல்போலப் புரத இழைகள் ஓடுகின்றன. நரம்பு சேதமானால் அந்த இழை சிதைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து, அங்கிருந்து துளித்துளியாக ரத்தத்துக்கும் வருகிறது. அந்தப் பிசிறின் பெயர் 'நியூரோஃபிலமென்ட் லைட்' (நரம்பிழைப் புரதத்தின் எடை குறைந்த பகுதி). சுருக்கமாக என்.எஃப்.எல்.

அளவு எவ்வளவு இருக்கும்? உங்கள் ரத்தத்தில் சர்க்கரை 100 என்று ரிப்போர்ட் வருகிறதே, அந்தச் சர்க்கரையைவிட இது சுமார் பத்துக் கோடி மடங்கு குறைவு. பழைய கருவிகளால் இதை ரத்தத்தில் பிடிக்கவே முடியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துத்தான் பார்த்தார்கள். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் முறை 2010ல் வெளியான பிறகுதான் கையில் எடுத்த ரத்தமே போதும் என்றானது.

கேடாசிலில் இது எடுபட்டதா? 2018ல் ஜெர்மனியின் மியூனிக் குழுவும், 2019ல் லெய்டன் குழுவும் சோதித்தன. மூளை ஸ்கேனில் சேதம் அதிகம் உள்ளவர்களுக்கு ரத்தத்திலும் பிசிறு அதிகம் இருந்தது. நடமாட்டம், யோசிக்கும் வேகம், எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பது வரைக்கும் அந்த எண்ணோடு ஒத்துப்போனது. ஜி.எஃப்.ஏ.பி. (மூளையின் தாங்கு அணுக்களிலிருந்து கசியும் புரதம்) என்ற இன்னொன்றையும், நாட்ச்3 புரதத்தின் உடைந்த துண்டையுமேகூட ரத்தத்தில் தேடுகிறார்கள். இப்போதைக்கு முன்னால் நிற்பது என்.எஃப்.எல்.தான்.

அப்படியானால் வருடம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. தரையில் கிடக்கும் பிசிறு, நூல் அறுந்ததைச் சொல்லும். தேய்ந்த நூலால் அறுந்ததா, எலி கடித்ததா, குழந்தை இழுத்ததா என்று சொல்லாது. என்.எஃப்.எல். வயதோடு தானாகவே ஏறும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும். சுகரால் கால் நரம்பு கெட்டிருந்தால் ஏறும். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டும். புதிதாகப் பக்கவாதம் வந்தால் மளமளவென்று ஏறி, பழைய நிலைக்கு இறங்க மாதக்கணக்கில் ஆகும். ஆக, 58 வயதில் பத்து வருடச் சுகரோடு இருக்கும் ஒருவருக்கு எண் கூடுதலாக வந்தால், அதை வைத்து "உனக்குப் பரம்பரை மூளை நோய்" என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

இன்னொரு சிக்கல். பரம்பரையல்லாத சாதாரணச் சிறுகுழாய் நோய் உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஐரோப்பிய ஆய்வுகளில், முதல் தடவை எண் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா (மறதி நோய்) வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த எண் வருடத்துக்கு வருடம் கூடிக் குறைந்தது நோயின் போக்கோடு ஒட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து "இவர்களுக்கு ஆபத்து கூடுதல்" என்று சொல்ல உதவும் எண், தனியொரு ஆளிடம் "போன வருடத்தைவிட இந்த வருடம் மோசம்" என்று சொல்லும் அளவுக்கு இன்னும் தேறவில்லை.

அதனால், "மூளை ஆரோக்கியப் பேக்கேஜ்" என்று யாராவது இந்தப் பெயரையும் சேர்த்து நீட்டினால், ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த எண் கூடினால் எனக்கு என்ன மருந்து மாறும்?" பதில் இல்லையென்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் விஞ்ஞானிகள் இதன் பின்னால் ஓடுகிறார்கள்?

மருந்துக்காக. கேடாசிலைக் குணமாக்கும் மருந்து இன்று கிடையாது. 2008ல் மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை 168 நோயாளிகளை வைத்துச் சோதித்த ஆய்விலும், முக்கியமாக எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. நோய் ஊர்ந்து போவதால், ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று அறியவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிசிறு குறைகிறதா என்பதை வைத்து முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் காத்திருப்பு சுருங்கும். இது கற்பனை இல்லை. நரம்புகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு பரம்பரை வகைக்கான டோஃபெர்சன் மருந்துக்கு, என்.எஃப்.எல். குறைந்ததையே ஆதாரமாக வைத்து அமெரிக்கா 2023 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது.

அதுவரை உங்கள் கையில் என்ன இருக்கிறது?

நிறைய. கேடாசில் உள்ளவர்களில் புகை பிடிப்பவர்களுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் பக்கவாத ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜீனை மாற்ற முடியாது, பீடிக்கட்டைத் தூக்கிப் போட முடியும். பிரஷர் பார்க்கும் பட்டி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிறது, காசு கிடையாது. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. என்னைக் கேட்டால், ஒரு என்.எஃப்.எல். பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல பிரஷர் மிஷின் ஒன்று வாங்கி, வாரம் இருமுறை பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பதையே சொல்வேன்.

ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இந்த நோயில் மூளைக்குள் நுண்ணிய ரத்தக்கசிவுகளும் இருக்கலாம். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

நோய் உறுதியானவர்கள், நோயின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சமயங்களில் அது பயன்படும். ஒன்று, வேறு எதற்காவது ஆபரேஷன் நடக்கும்போது. மயக்க மருந்தின்போது பிரஷர் சரியாமல் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு, தொடை வழியாகக் குழாய் விட்டு மூளைக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் பேச்சு வரும்போது. இந்த நோயில் அதனால் சிக்கல்கள் வந்திருப்பதால் கூடியவரை தவிர்ப்பார்கள். மூன்று, திடீரென்று வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறும்போது. 108ஐக் கூப்பிடுவதில் தாமதமே கூடாது, ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுக்க அந்த அட்டை டாக்டருக்கு வேண்டும்.

சரி, அந்த 33 வயது மகன் ஜீன் பரிசோதனை எடுக்கலாமா?

அது அவன் முடிவு. டாக்டருடையதும் இல்லை, பெண் கொடுக்கப்போகிற வீட்டாருடையதும் இல்லை. தெரிந்துகொண்டால் புகையை விடவும், பிரஷரைக் கட்டுக்குள் வைக்கவும், குழந்தை பற்றி யோசிக்கவும் உதவும் என்று சிலர் எடுப்பார்கள். மருந்தில்லாத நோயைத் தெரிந்து என்ன செய்ய என்று சிலர் விட்டுவிடுவார்கள். இரண்டுமே நியாயம்தான். எடுப்பதற்கு முன் மரபணு ஆலோசகரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ உட்கார்ந்து பேசிவிட வேண்டும், ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கித் தனியாகப் படிக்கிற சமாச்சாரம் இல்லை இது. அறிகுறி ஏதும் இல்லாத, 18 வயதாகாத பிள்ளைகளுக்கு எடுக்கவே கூடாது. அவர்கள் வளர்ந்து அவர்களாகத் தீர்மானிக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது படிவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையையே எழுத வேண்டும். மறைத்து வாங்கிய பாலிசி, பணம் வேண்டிய நாளில் கைவிட்டுவிடும்.

முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அந்த ஸ்கேன் கவரின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கும், அது போதும். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம் போடுங்கள். கட்டிக்கொண்டவர்களுக்கு இடையே ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. பிள்ளைகளைக் கீழே தொங்கவிடுங்கள். வாதம் வந்தவர்களின் கட்டத்தையோ வட்டத்தையோ பேனாவால் கறுப்பாக்கி, பக்கத்தில் எந்த வயதில் என்று எழுதுங்கள். வயது நினைவில்லையென்றால் அப்பத்தாவிடம் கேளுங்கள். "பெரியவ சடங்கான வருசம்", "வைகையில வெள்ளம் வந்தப்ப" என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள், கணக்கை டாக்டரோடு சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்.